மஞ்சளுக்கு வில்லங்கம் பார்த்த கதை

"நம்ம மஞ்சளுக்கே அமெரிக்காக்காரன் பேடன்ட் வாங்கிட்டான்" என்று யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும், டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரத்துக்குப் பேச்சு ஓடும். வேப்பிலை வரும், பாசுமதி வரும், கடைசியில் கோஹினூர் வைரம் வரை போய் நிற்கும். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மஞ்சளுக்கு, அமெரிக்காக்காரன், வாங்கிட்டான் என்று அந்த வாக்கியத்தில் இருக்கிற மூன்று சேதியும் பாதிதான் சரி. இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பார்க்கலாம்.

1995 மார்ச் 28 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 5,401,504 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை வழங்கியது. உரிமையாளர் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டுபிடித்தவர்கள் என்று அதில் இருந்த பெயர்கள் இரண்டு: சுமன் தாஸ், ஹரிஹர் கோலி. ஆமாம், இருவருமே இந்திய வம்சாவளியினர். அடிபட்ட இடத்தில் மஞ்சளைப் பூசுவது என்ற விஷயம் அவர்கள் காதில் அமெரிக்காவில்தான் முதன்முதலாக விழுந்தது என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, எதற்கு உரிமை கொடுத்தார்கள்? காப்புரிமை ஆவணத்தில் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு முக்கியம் கடைசியில் எண் போட்டு வருகிற கோரிக்கைகள்தான். எது என்னுடையது, எதுவரை என்னுடையது என்று எல்லை காட்டுவது அவைதான். இதில் ஆறு கோரிக்கைகள். நோயாளிக்குப் போதுமான அளவு மஞ்சள் தூளைக் கொடுத்துப் புண்ணை ஆற்றும் முறை என்பது முதலாவது. அந்தத் தூளை வாய்வழியாகக் கொடுத்தால், மேலே பூசினால், இரண்டையும் செய்தால், புண் அறுவைசிகிச்சையால் வந்ததாக இருந்தால், உடம்பில் வந்த ரணமாக இருந்தால் என்று மற்றவை போகின்றன. மஞ்சள் செடிக்கோ கிழங்குக்கோ உரிமை இல்லை. மஞ்சளைக் கொண்டு செய்கிற ஒரு காரியத்துக்குத்தான் உரிமை. அந்தக் காரியம்தான் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பது என்பது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை, இந்தியாவில் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் மஞ்சள் பாரம்பரிய மருந்து என்று விளக்கப் பகுதியில் அவர்களே எழுதியிருந்தார்கள். சுளுக்குக்குப் போடுவார்கள், வெளிப்புண்ணுக்குப் போடுவது பற்றி ஆராய்ச்சி இல்லை, நாங்கள் செய்திருக்கிறோம் என்பது வாதம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்கா கொடுத்த உரிமை அமெரிக்க எல்லைக்குள்தான் செல்லும். ஈரோட்டு மண்டியில் ஒரு மூட்டை மஞ்சளைக்கூட அதை வைத்து யாரும் நிறுத்தியிருக்க முடியாது. அமெரிக்காவிலேயே குழம்புக்கு மஞ்சள் விற்கிறவருக்கும் பயமில்லை. புண்ணாற்றும் தூள் என்று சீட்டு ஒட்டி அங்கே விற்கப் போனவருக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும். அடுக்களைக்குள் போலீஸ் வரும் என்ற அளவுக்குப் பேசப்பட்டதெல்லாம் மேடைக்காகச் சேர்த்த மசாலா.

எங்கள் தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி இதை இவ்வளவு தூரம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "அது சரி தம்பி, கொடுத்தானே ஒரு ஆபீசர், அவனுக்கு மஞ்சள்னா என்னன்னு தெரியாதா?"

நல்ல கேள்வி. இந்த விவகாரத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஒரு மனை வாங்குவதாக இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். சார்பதிவாளர் அலுவலகப் பதிவில் இருப்பதெல்லாம் அதில் வரும். பதிவாகாத ஒப்பந்தமோ, வாய்வழியாகப் பிரித்துக்கொண்ட பாகமோ வராது. ஊரே சாட்சி சொன்னாலும் சான்றிதழில் 'வில்லங்கம் இல்லை' என்றுதான் அச்சாகும். காப்புரிமைப் பரிசோதகர் செய்வதும் அதுதான். இந்த விஷயம் ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்ததா என்று அவர் தேட வேண்டும். அவர் தேடுவது பழைய காப்புரிமைகளிலும் ஆய்விதழ்களிலும் தரவுத்தளங்களிலும். அவருக்குத் தெரிந்த மொழியில், குறித்த சில மணி நேரத்துக்குள். அதில் சமஸ்கிருதச் சுவடி வராது. தேரையர் பாடல் வராது. பாட்டி வருவாரா?

அப்போது அமெரிக்கச் சட்டத்திலேயே இன்னொரு கோணலும் இருந்தது. அமெரிக்காவுக்குள் ஒரு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தாலோ புழக்கத்தில் இருந்தாலோ அது கண்டுபிடிப்பு ஆகாது. வெளிநாடு என்றால் புழக்கம் கணக்கில் வராது. வெளிநாட்டில் காப்புரிமையாகவோ அச்சிட்ட வெளியீடாகவோ இருந்தால்தான் கணக்கு. கோடிக்கணக்கான பேர் இந்தியாவில் தினமும் செய்தாலும், எழுத்தில் காட்டாதவரை அந்தச் சட்டத்தின் முன்னால் அது நடக்காத காரியம்.

"அப்போ எங்க ஆச்சி அரைச்சுப் போட்டது செல்லாது?"

"அமெரிக்காவுக்குப் போய் அரைச்சிருந்தா செல்லும் அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. கோணல் அவ்வளவு அப்பட்டமானது. 2011-இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. 2013 மார்ச் 16 முதல் வருகிற விண்ணப்பங்களுக்கு உலகத்தில் எங்கே புழக்கத்தில் இருந்திருந்தாலும் கணக்கு உண்டு. மஞ்சள் வழக்கு நடந்த காலத்தில் அந்த வசதி இல்லை.

ஆகவே அப்போதைய வேலை, கோபப்படுவதைவிடத் தாள் தேடுவதாக இருந்தது. ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில் இருந்த இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம், அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., 1996 அக்டோபரில் மறுபரிசோதனை கேட்டு அமெரிக்க அலுவலகத்துக்கு விண்ணப்பித்தது. கூடவே 32 சான்றுகள். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களின் பகுதிகள் அதில் இருந்தன, சில நூறு வருடத்துக்கும் பழையவை. 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. என் அனுமானம், பரிசோதகரின் மேசையில் அந்த ஆங்கிலக் கட்டுரைக்குச் சுவடிகளைவிட எடை கூடுதலாக இருந்திருக்கும். தேதி போட்ட, பக்க எண் உள்ள, அவரே படித்துப் பார்க்கக்கூடிய தாள் அல்லவா.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகம் விலகிக்கொண்டது. கண்டுபிடிப்பாளர்கள் தொடர்ந்து வாதாடினார்கள். வாதம் என்ன தெரியுமா? நீங்கள் காட்டுகிற நூல்களில் இருப்பது மஞ்சள் விழுது. நாங்கள் கேட்டிருப்பது மஞ்சள் தூள். விழுது உடம்பில் ஏறுகிற விதம் வேறு, தூள் ஏறுகிற விதம் வேறு. விழுது பலிப்பதைப் பார்த்து, தூளும் பலிக்கும் என்று துறை தெரிந்த ஒருவர் நிச்சயமாக எதிர்பார்க்க முடியாது. உள்ளுக்குக் கொடுப்பது பற்றிய நூல்களில் தேனோடு சேர்த்துத்தான் இருக்கிறது, தேனுக்கே புண்ணாற்றும் குணம் உண்டே, ஆற்றியது மஞ்சள்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? இப்படிப் போனது.

தூளில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் விழுது என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் காப்புரிமை உலகமே இந்த மாதிரி மயிரிழை வித்தியாசங்களின் மேல் கட்டப்பட்டதுதான். உண்மையான கண்டுபிடிப்புகளுக்கும் அதே மயிரிழைதான் பாதுகாப்பு. அதனால் பரிசோதகர் இந்த வாதத்தையும் எடைபோட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, 1997 ஆகஸ்டில் ஆறு கோரிக்கைகளையும் நிராகரித்தார். 1998 ஏப்ரலில் ரத்துச் சான்றிதழ் வந்தது. வளர்ந்துவரும் ஒரு நாட்டின் பாரம்பரிய அறிவை ஆதாரமாகக் காட்டி அமெரிக்கக் காப்புரிமை ஒன்று விழுந்தது அதுவே முதல் முறை என்பார்கள்.

வேம்பின் கதை ஐரோப்பாவில் நடந்தது, அது வேறு தினுசு. டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற நிறுவனமும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் சேர்ந்து, வேப்பெண்ணெயால் செடிகளில் வரும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994 செப்டம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. அங்கே, கொடுத்த நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். 1995 ஜூனில் போட்டவர்கள் மூன்று தரப்பினர்: வந்தனா சிவாவின் ஆராய்ச்சி நிறுவனம், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சியினர் சார்பில் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. ஐரோப்பியச் சட்டத்தில் புழக்கம் எங்கே நடந்தது என்ற பேதம் இல்லை. மகாராஷ்டிரத்து வயலில் நடந்ததும் கணக்குத்தான். ஆனாலும் பொதுவாக 'எங்கள் விவசாயிகள் காலம்காலமாகச் செய்கிறார்கள்' என்றால் நடுவர்கள் கேட்பது ஒன்றே: எந்த விவசாயி, எந்த வயல், எந்த வருடம்? வேப்பஞ்சாற்றை வைத்து 1980-களின் நடுவிலேயே வயல்களில் சோதனை செய்திருந்த இந்தியத் தொழிலதிபர் ஒருவர் மியூனிக் நகருக்கே போய்ச் சாட்சி சொன்னார். 2000 மே 10 அன்று காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடு 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது. தொடங்கி முடிய கிட்டத்தட்ட பத்து வருடம். காப்புரிமையின் மொத்த ஆயுளே இருபது வருடம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென் அமெரிக்காவில் இன்னும் மோசம். அமேசான் பழங்குடியினர் சடங்குகளில் அருந்தும் அயவாஸ்கா பானத்துக்கான கொடி ஒன்றின் வகைக்கு 1986-இல் ஒரு அமெரிக்கர் தாவரக் காப்புரிமை வாங்கிவிட்டார். பழங்குடிக் கூட்டமைப்பு 1999-இல் எதிர்த்தது. இது எங்களுக்குப் புனிதமானது, தலைமுறைகளாக எங்களுடையது என்றார்கள். அலுவலகம் அந்த வருடமே ரத்து செய்தது உண்மை. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. சிகாகோ அருங்காட்சியகத்தில் அதே கொடியின் காய்ந்த மாதிரி தாளில் ஒட்டி ஏற்கெனவே இருந்தது என்பதற்காக. அதுவும் நிலைக்கவில்லை. 2001-இல் உரிமை திரும்பக் கிடைத்து, 2003-இல் காலம் முடிந்து தானாகத்தான் காலாவதியானது.

ஒரு விஷயத்தை இங்கே ஓரமாகச் சொல்லிவைக்கிறேன். செடியிலிருந்து வந்த காப்புரிமை எல்லாமே திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சர்ப்பகந்தி வேரை எடுத்துக்கொள்ளுங்கள். மனக்கோளாறுக்கும் தூக்கமின்மைக்கும் அது நம் நாட்டில் பழைய மருந்து. பம்பாயில் ருஸ்தம் வக்கீல் என்ற இதய மருத்துவர் அதை ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949-இல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சேர்மத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அந்தப் பிரித்தெடுப்பு பெரிய வேலைதான், யாருடைய சுவடியிலும் இருந்ததல்ல. நாலு பேருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் புதிது என்று காட்டி வாங்குவதுதான் தப்பான காப்புரிமை. தெரிந்ததிலிருந்து தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்து வாங்குவது அந்த ரகமல்ல. வழிகாட்டிய ஊருக்கு லாபத்தில் என்ன பங்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது தனிக் கேள்வி. டீக்கடைப் பேச்சில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். அதனால் இரண்டுக்குமே பதில் கிடைப்பதில்லை.

மஞ்சளும் வேம்பும் ஜெயித்த கையோடு தில்லியில் இருந்தவர்களுக்குப் புரிந்தது, இப்படி ஒவ்வொன்றாக வழக்காடிக் கட்டுப்படியாகாது என்று. வில்லங்கத்தில் வர வேண்டுமானால் பதிவு செய்துவிடுவதுதான் வழி. 2001-இல் சி.எஸ்.ஐ.ஆரும் இந்திய மருத்துவ முறைகளுக்கான அரசுத் துறையும், இன்று ஆயுஷ் என்று சொல்கிறோமே அதுதான், சேர்ந்து பாரம்பரிய அறிவு மின்னூலகத்தைத் தொடங்கின. பொறுப்பில் இருந்தவர் வி.கே. குப்தா.

மின்னூலகம் என்றதும் பழைய புத்தகங்களைப் படம்பிடித்துப் போட்டிருப்பார்கள் என்று நினைப்போம். அப்படியிருந்தால் பரிசோதகருக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. சித்த மருத்துவ நூல் ஒன்றில் ஒரு தைலத்துக்கான பாட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன சரக்கு, எவ்வளவு, எந்தப் பதத்தில் இறக்குவது, எந்த நோய்க்கு, எல்லாம் பாட்டுக்குள்ளேயே இருக்கும். அதைச் சித்த மருத்துவம் படித்த ஒருவர் பிரித்து உட்கார்ந்து எழுத வேண்டும். இந்தச் சரக்குக்குத் தாவரவியல் பெயர் இது. வெண்குட்டம் என்று பாட்டு சொல்வது இன்றைய மருத்துவத்தில் விட்டிலிகோ. இறக்கும் முறை இன்ன வகை. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண். குறியீடாக மாறிவிட்டால் அதற்குப் பிறகு மொழி ஒரு தடையல்ல. அதே பதிவை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் என்ற ஐந்து மொழிகளிலும் கணினியே விரித்துக் காட்டும். பாட்டில் மறைபொருளாக வருகிற சரக்குப் பெயரை எந்தச் செடியோடு பொருத்துவது என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும், ஆகவே இது சும்மா தட்டச்சு வேலை அல்ல.

சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் அதுவரை மூலிகை மருந்து அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டிதான். அரிசி, பருப்பு, புளி எல்லாம் ஒரே டப்பாவில். எதைத் தேடி எடுப்பது? இந்திய நூலகம் தனக்கென்று சுமார் 5,000 உட்பிரிவுகளோடு ஒரு வகைப்பாட்டை உண்டாக்கியது. அந்த முயற்சியின் விளைவாக 2006-இல் சர்வதேச வகைப்பாட்டிலும் மூலிகைகளுக்கு ஏறத்தாழ இருநூறு உட்பிரிவுகள் வந்தன. பத்திரிகைகளில் இதைப் பற்றிப் பெரிதாக எழுதப்படவில்லை. என்னைக் கேட்டால் மஞ்சள் வெற்றியைவிட இது பெரிய காரியம்.

இன்று அந்த மின்னூலகத்தில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, சோவா ரிக்பா, யோகம் என்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. 2009 பிப்ரவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தோடும் அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அலுவலகத்தோடும் ஒப்பந்தம் ஆனது. பிற நாடுகளும் பின்னால் வந்தன. பரிசோதகர்கள் தேடிப் பார்க்கலாம், வெளியே கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. நூலகத்துக்காரர்களும் புதிய விண்ணப்பங்களைக் கவனித்து, இது எங்கள் இன்ன நூலில் இருக்கிறதே என்று எழுதி அனுப்புகிறார்கள். 2009-இலேயே ஒரு நல்ல உதாரணம் வந்தது. ஸ்பெயின் நிறுவனம் ஒன்று முலாம்பழச் சாற்றைக் கொண்டு வெண்குட்டத்துக்குக் களிம்பு என்று விண்ணப்பித்து, கொடுக்கலாம் என்று ஐரோப்பிய அலுவலகம் முடிவும் செய்துவிட்டது. பழைய நூல்களின் சான்று போனதும் அந்த முடிவை நிறுத்திவிட்டது. வழக்கு இல்லை, வக்கீல் இல்லை, பத்து வருடமும் இல்லை. இப்படி விலக்கப்பட்டும் திருத்தப்பட்டும் கைவிடப்பட்டும் போன விண்ணப்பங்கள் இருநூறைத் தாண்டிவிட்டன.

அண்ணாச்சி இதற்குள் இரண்டாவது டீயை முடித்திருந்தார். "எல்லாம் புத்தகத்துல இருக்கிறதுதானே தம்பி? மலையில இருக்கிறவன் புத்தகமா வச்சிருக்கான்?"

அவர் தொட்ட இடம் சரியான இடம். இந்த நூலகம் எழுதி வைத்த அறிவுக்குத்தான். எழுதாத அறிவுக்கு இதில் இடமில்லை. பொதிகை மலைத்தொடரில், கேரளப் பக்கமும் நம் பக்கமும் வாழ்கிற காணிக்காரர்களை எடுத்துக்கொள்வோம். 1987-இல் திருவனந்தபுரம் பகுதிக் காட்டுக்குள் ஒரு தாவரவியல் குழு போனது. வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடக்க, பின்னால் போன விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. அவர்களுக்கும் தின்னக் கொடுத்தார்கள், களைப்பு போனது. என்ன செடி என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. வற்புறுத்தலுக்குப் பிறகே காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்று இன்று சொல்லப்படும் செடி அது. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் புஷ்பாங்கதன் என்ற விஞ்ஞானியின் குழு அதிலிருந்து, வேறு மூன்று மூலிகைகளும் சேர்த்து, 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் உரிமை 10 லட்ச ரூபாய்க் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் ஏழு வருடத்துக்குக் கொடுக்கப்பட்டது. வருவதில் பாதி காணிக்காரர்களுக்கு. அதற்காக 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவானது.

உலகமே முன்மாதிரி என்று கொண்டாடியது. நானும் கொண்டாடுவேன், பாதி மனதோடு. சம்மதம் கேட்டது எல்லாம் முடிந்த பிறகுதான். இலையைப் பறிக்க வனத்துறை தடை போட்டது. செடி பெரிதாக விளையவும் இல்லை, பணமும் பெரிதாக வரவில்லை. காணிக்காரர்களுக்குள்ளேயே வைத்தியம் செய்கிறவர்கள், இது எங்கள் குலத்துக்குள் இருக்க வேண்டிய ரகசியம், இரண்டு பேர் சொல்லிவிட்டதற்காக எல்லோரும் சம்மதித்ததாக ஆகுமா என்று கேட்டார்கள். அதற்கு நல்ல பதில் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இங்கேதான் மின்னூலகத்தின் வரம்பு தெரிகிறது. பதிவு செய்வது அடுத்தவன் பட்டா போடாமல் தடுக்கும். உங்களுக்குப் பட்டா தராது. எல்லோருக்கும் தெரிந்தது என்று நிரூபித்துத்தானே ஜெயிக்கிறோம்? நிரூபித்த அந்தக் கணமே அது பொதுச் சொத்தாகிவிடுகிறது, யார் வேண்டுமானாலும் தயாரித்து விற்கலாம். சுவடியில் இருக்கும் சித்த மருந்துக்கு அது பொருந்தும், அது ஏற்கெனவே பொதுவில் உள்ளது. மலையில் ஐந்தாறு குடும்பங்களுக்குள் இருப்பதை எழுதி வாங்கினால், பாதுகாக்கிறோம் என்ற பெயரில் கதவைத் திறந்துவைத்த மாதிரி ஆகும். 2022-இல் மத்திய அமைச்சரவை இந்த மின்னூலகத்தைக் காப்புரிமை அலுவலகங்களுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் படிப்படியாகத் திறக்க முடிவெடுத்தபோது இந்தப் பயம்தான் பேசப்பட்டது. ஆராய்ச்சி வளரும் என்பது அரசின் வாதம். இருக்கலாம். ஆனால் திறந்தால் முதலில் வந்து படிக்கப்போவது எந்தக் கம்பெனி என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நம் சட்டம் இதில் எவ்வளவோ தேவலை. 2002 திருத்தத்தில் காப்புரிமைச் சட்டத்துக்குள் 3(பி) என்ற உட்பிரிவு வந்தது. பாரம்பரிய அறிவாகவே இருப்பதும், தெரிந்த சரக்குகளின் தெரிந்த குணங்களைக் கூட்டி அடுக்கியதும் கண்டுபிடிப்பு ஆகாது. எதிர்ப்பு மனுவுக்கான காரணங்களில், உள்ளூர் அல்லது பழங்குடிச் சமூகத்தில் வாய்வழியாக இருக்கும் அறிவும் ஒன்று. ஆச்சியின் வாய்ச்சொல் இங்கே செல்லும். உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி, இந்தியத் தாவரத்தை வைத்துச் செய்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டால், தரமணியில் இருக்கிற தேசிய உயிரியல் பன்மை ஆணையத்துக்குத் தெரியாமல் நடக்காது. ஆனால் 2023-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். நாட்டு வைத்தியருக்கு உதவுவதாகச் சொன்னார்கள். அதே வாசல் வழியாகப் பெரிய மூலிகை நிறுவனங்களும் நுழையும் என்பது என் சந்தேகம்.

உலக அளவில் 2024 மே 24 அன்று ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. கண்டுபிடிப்பு ஒரு மரபுவளத்தையோ பாரம்பரிய அறிவையோ அடிப்படையாகக் கொண்டதென்றால், எந்த நாட்டிலிருந்து, எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது என்று விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால்? அந்த ஒரு காரணத்துக்காகக் காப்புரிமையை ரத்து செய்ய முடியாது, மோசடி எண்ணத்தோடு மறைத்தால் மட்டும் நாடுகள் அந்த அளவுக்குப் போகலாம். பதினைந்து நாடுகள் உறுதிசெய்தால்தான் அமலுக்கே வரும்.

"எங்க தாத்தா நோட்டு ஒண்ணு இருக்கு தம்பி" என்றார் அண்ணாச்சி. "மூட்டு வலிக்குத் தைலம். அவரே சேர்த்த கணக்கு. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. பையன் பேடன்ட் போடலாம்ங்கறான்."

மூன்று வழி இருக்கிறது என்றேன். தெரிந்த சரக்குகள்தான், குணமும் தெரிந்ததுதான் என்றால் 3(பி) தடுத்துவிடும், பையன் செலவழிக்கிற பணம் வீண். சேர்க்கையில் யாரும் எதிர்பார்க்காத கூடுதல் பலன் இருக்கிறது என்று சோதனை செய்து காட்ட முடிந்தால் கேட்டுப் பார்க்கலாம். அப்படியானால் விண்ணப்பம் போடும்வரை யாரிடமும், என்னிடமும்கூட, கணக்கைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் நீங்களே உங்கள் புதுமையைக் கெடுத்தவர் ஆவீர்கள். மூன்றாவது, ரகசியமாகவே வைத்துக் காய்ச்சி விற்பது. உங்கள் தாத்தா செய்ததும் அதுதான்.

"வேற எவனாவது இதே கணக்குக்கு வாங்கிட்டா?"

"அதுக்குத்தான் தேதி வேணும்."

"ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி கையெழுத்து வாங்கி வச்சாப் போதுமா?"

போதாது. பெட்டிக்குள் இருக்கிற ஜெராக்ஸ், நோட்டு அந்தத் தேதியில் உங்களிடம் இருந்தது என்பதைக் காட்டும். ஊருக்குத் தெரிந்திருந்தது என்பதைக் காட்டாது. காப்புரிமை அலுவலகம் கேட்பது இரண்டாவதைத்தான். ஊர் நூலகத்துக்கு வரும் சிறிய சித்த மருத்துவ மாத இதழில் வெளியானாலும் போதும், இதழின் தேதியும் நூலகத்தின் வரவு முத்திரையும் இருந்தால் மியூனிக்கில்கூட அது சான்று. ஆனால் அந்த இதழ் வெளியாகிற நாளிலிருந்து எதிர்க்கடைக்காரரும் அதே தைலத்தைக் காய்ச்சலாம், நீங்கள் கேட்க முடியாது. அண்ணாச்சி எதிர்க்கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பையனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.